பெயர் எழுதாத மேல் வரிசை

அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எங்கள் மாஸ்டர் தன் கம்பெனி பிரிண்டரில் அடித்துக்கொண்டு வந்த தாள். வலது ஓரத்தில் மை கொஞ்சம் வெளிறியிருக்கும். நடுவில் ஐந்து கோடுகள், அவற்றின்மேல் இசைக் குறிப்புகள். கீழே பாட்டின் சொற்கள். மேலே வாத்தியக்காரர்கள் பார்த்து வாசிக்கும் கார்ட் எழுத்துகள், அதுவும் ஒரு வரிசை அல்ல, இரண்டு வரிசை. இரண்டுக்கும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே கறுப்பு. எந்த வரிசை யாருக்கு என்று ஒரு சொல் கிடையாது. இவ்வளவு சுத்தமாக அச்சடித்த மடத்தனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாஸ்டரை நினைத்துக்கொள்ள அவருடைய புகைப்படம் எதுவும் என்னிடம் இல்லை. இந்தத் தாள் இருக்கும்போது புகைப்படம் தேவையும் இல்லை.

திருப்பூரில் மாஸ்டர் என்று சொன்னால் கட்டிங் மாஸ்டரா, டீ மாஸ்டரா என்றுதான் கேட்பார்கள். நான் சொல்வது எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்திய மாஸ்டரை. வாரநாளில் அவர் வீரபாண்டிப் பக்கம் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மூத்த மெர்ச்சண்டைசர். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இசையமைப்பாளர். அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆகவேண்டும் என்றால், அவருடைய சட்டை என்றைக்கும் சுருக்கமில்லாமல் இருக்கும். வேறு ஏதாவது தோன்றுகிறதா என்று கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். தோன்றவில்லை.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு நிறத்தைக் கேட்டால், சாயப்பட்டறையில் அதே நிறத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் சின்னத் துணித்துண்டுகளில் தோய்த்து, ஏ, பி, சி என்று எழுதி அனுப்புவார்கள். பையர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பிறகு நிறம் சரியில்லை என்று யாரும் பேச முடியாது, தேர்ந்தெடுத்தது அவர்தானே. நல்ல வழக்கம்தான், துணிக்கு. மாஸ்டர் அதைத் தன் மொத்த வாழ்க்கைக்கும் எடுத்துக்கொண்டார். எதைக் கேட்டாலும் இரண்டு பதில் வைத்திருப்பார்; ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் வழவழா கொழகொழா. டீக்கடையில்கூட, "டீயோ காப்பியோ, எது நல்லா இருக்குதோ அதைக் குடுங்க" என்பார். வந்த பிறகு, அடடா இன்னொன்றைச் சொல்லியிருக்கலாம் என்று வருத்தப்படுவார். "ஆப்ஷன் இருக்கட்டும் கண்ணு" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருந்த சொல். அதை அவர் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார். எதுவும் தன் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் அது என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை.

நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் போடும் வேலையில் இருந்தேன். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்பதால் பாடகர் குழுவுக்குப் பாட்டுத்தாள் அடிக்கும் வேலையும் என்னிடம் வந்தது. இசைக் குறிப்பு எழுதுவதற்கென்றே இருக்கும் ஒரு மென்பொருளை நானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு குறிப்பின்மேல் சொடுக்கி எழுத்தைத் தட்டினால் கார்ட் தானாக மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். அதே இடத்தில் இரண்டாவதாக ஒரு மாற்று கார்ட் போட்டால்தான் தொல்லை. முதல் எழுத்தின் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்ளும். ஸ்கிரீன் விலகி அடித்த டி-ஷர்ட் பிரிண்ட் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே இழுத்து, வரிசை கோணாமல் நிறுத்த வேண்டும். யாருக்கு எது என்று பக்கத்தில் எழுதாவிட்டால் அவ்வளவு இழுத்ததற்கும் அர்த்தமே இல்லை.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை என் அப்பாவின் தங்கை. அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, நூல் விட்டது எல்லாம் பார்த்து ஒதுக்குவது. கல்யாணத்துக்கு முன்பு எங்கள் சபையில் அவர் பாடினால் பின்வரிசைக் குழந்தைகள்கூடப் பேச்சை நிறுத்தும் என்று அம்மா சொல்வார். மாமா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பாடுவதையும் விட்டுவிட்டார். வீட்டில் பாத்திரம் கழுவும்போது தன்னை மறந்து முணுமுணுப்பார். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவார். போதகரின் மனைவி வீட்டுக்கே வந்து விடாமல் கேட்டதால், அந்த வருடக் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் ஒரு தனிப்பாடல் பாட ஒத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஒருக்காப் பாடிப் பாக்கறேன் கண்ணு. நல்லா வந்துதுன்னா தொடந்து போறேன். இல்லீனா இதோட உட்டர்றேன். மறுக்கா யாரும் என்னையக் கேக்கக்கூடாது."

பாட்டு மாஸ்டருடையது. ஒரு தாலாட்டு மெட்டு. கேட்கும்படியாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவர் அதை உச்சத்தில் போட்டு வைத்திருந்தார். அத்தையின் குரல் தணிந்த, கனத்த குரல். ஒத்திகையில் இறக்கி இறக்கிப் பார்த்து, பி ஃபிளாட் என்ற சுருதிக்கு வந்தபோது அத்தையின் முகம் தெளிந்தது. அங்கே குரல் தானாக விரிந்தது. கீபோர்டு வாசித்த அண்ணனுக்கு அந்தச் சுருதி ஒரு பொருட்டே இல்லை. கிட்டார் தம்பிக்குத்தான் பி ஃபிளாட் என்றால் விரல் பின்னிக்கொள்ளும். அவனுக்குக் கைவந்தது ஜி, சி, டி மட்டும். அதற்கும் வழி இருக்கிறது. கிட்டாரின் கழுத்தில் மூன்றாவது கட்டையில் கேப்போ என்ற கவ்வியை மாட்டிவிட்டால், விரல் ஜி போடும், சத்தம் பி ஃபிளாட்டாக வரும். ஆக, கீபோர்டுக்கு பி ஃபிளாட் என்று ஒரு தாள், கிட்டாருக்கு ஜி என்று இன்னொரு தாள், இரண்டிலிருந்தும் ஒரே சத்தம். ஒத்திகை முழுக்க அப்படித்தான் நடந்தது. அத்தை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

இதை இப்படியே விட்டிருந்தால் என்ன? விட மாட்டார். கோயமுத்தூரிலிருந்து ஒரு பெரிய பாடகர் குழுவின் தலைவர் விருந்தினராக வருகிறார் என்று தெரிந்ததும் மாஸ்டருக்கு அரிப்பு எடுத்துவிட்டது. ஆளுக்கொரு தாள் என்பது பட்டிக்காட்டுத்தனமாம். வெளிநாட்டுப் புத்தகங்களில் ஒரே தாளில் மேலே மாற்று கார்ட் போட்டிருப்பார்களாம். அப்படி வேண்டும் என்றார். நான் போட்டுக் கொடுத்தேன். ஜி வரிசையைச் சின்ன எழுத்தில், அடைப்புக்குறிக்குள், சாம்பல் நிறத்தில் மேலே ஏற்றி, முதல் வரியிலேயே 'கிட்டாருக்கு மட்டும், கேப்போ மூன்று' என்று எழுதியும் வைத்தேன். மாஸ்டர் ஃபைலை வாங்கிப் பார்த்தார். துணியில் கறை பார்ப்பதுபோல் முகத்தைச் சுளித்தார்.

"என்ன கண்ணு, மேல இப்புடிக் கசகசன்னு எழுதி வெச்சிருக்கற? பெரியவங்க பாக்கற தாளு."

"எழுதலீன்னா யாருக்கு எதுன்னு தெரியாதுங்க மாஸ்டர்."

"நம்ம பசங்களுக்குத் தெரியாததா? ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் நீட்டா இருக்கும். அடைப்புக்குறி போட்டா அது மட்டமுன்னு ஆயிருமல்ல? ஆப்ஷன் இருக்கட்டும்."

ஃபைலை எடுத்துக்கொண்டு போய், அடைப்புக்குறியை நீக்கி, சாம்பலைக் கறுப்பாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, நான் எழுதியதை அழித்து, தன் கம்பெனி பிரிண்டரில் தானே அடித்துக்கொண்டார். இத்தனையையும் செய்ய அவருக்குத் தெரிந்திருந்தது. எதற்கு அது அங்கே இருந்தது என்பதுதான் தெரியவில்லை.

ஆராதனை அன்று சாயங்காலம் கீபோர்டு அண்ணனிடமிருந்து போன் வந்தது. வருடக் கடைசி ஷிப்மெண்ட். தூத்துக்குடி போகவேண்டிய கண்டெய்னர் கம்பெனி வாசலில் நிற்கிறது, பெட்டி ஏற்றி முடிக்காமல் யாரையும் விடமாட்டேன் என்கிறார்கள் என்றார். திருப்பூரில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. கல்யாண மாப்பிள்ளையே ஷிப்மெண்ட் முடித்துவிட்டு வந்த ஊர். அவர் தனக்குப் பதிலாகக் காங்கேயத்திலிருந்து ஒரு நண்பரை அனுப்பி வைத்தார். வந்தவர் நல்ல கைக்காரர். ஆனால் எங்கள் பக்கத்துக் கீபோர்டுக்காரர்கள் பலரையும் போல அவரும் ஐந்து கோட்டையும் புள்ளிகளையும் படிப்பதில்லை. மேலே இருக்கும் கார்டைப் பார்ப்பார், வாசிப்பார்; சுருதி மாற வேண்டுமென்றால் கீபோர்டில் அதற்கென்று இருக்கும் பட்டனைத் தட்டிக்கொள்வார். மாஸ்டர் அவருக்கு ஒரு தாளைக் கொடுத்து, "எல்லாம் இதுல இருக்குதுங்க பிரதர்" என்றார். உண்மைதான். தேவைக்கு அதிகமாகவே இருந்தது.

காங்கேயத்துக்காரர் இயல்பாக மேல் வரிசையைப் பார்த்தார். ஜி என்று இருந்தது. ஜியில் முன்னிசை வாசித்தார். அழகாகத்தான் வாசித்தார். அத்தை மைக்குக்கு முன்னால் நின்றபடி லேசாகப் புருவத்தைச் சுருக்கியதை நான் பார்த்தேன். பழகியதைவிடக் கீழே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கீபோர்டு கொடுத்த இடத்திலேயே எடுத்தார். அப்போது கிட்டார் சேர்ந்தது. தம்பியும் அதே மேல் வரிசையைத்தான் வாசித்தான். ஆனால் கேப்போ போட்டிருந்ததால் சத்தம் பி ஃபிளாட்டில் வந்தது. இரண்டு பேரும் ஒரே எழுத்தைப் பார்த்து இரண்டு வேறு சுருதியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை சட்டென்று தன் பழகிய இடத்துக்கு, பி ஃபிளாட்டுக்கு ஏறிவிட்டார்.

காங்கேயத்துக்காரர் மட்டும் ஏறியிருந்தால் அதோடு சரியாகியிருக்கும். கிட்டார் தம்பி, தான்தான் தப்பு என்று பயந்து, கீபோர்டோடு சேர்வதற்காகக் கேப்போவைப் பிடுங்கிவிட்டான். அவன் ஜிக்கு இறங்கினான். அதே வேளையில் காங்கேயத்துக்காரர், தான்தான் தப்பு என்று நினைத்து, பட்டனைத் தட்டி பி ஃபிளாட்டுக்கு ஏறினார். இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாராசம் அப்படியே தொடர்ந்தது. நடுவில் அத்தை மட்டும் பி ஃபிளாட்டில் அசையாமல் நின்றார். இரண்டு வரி. பிறகு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இரண்டு வாத்தியங்களும் நின்றன. அத்தையும் நிறுத்தினார்.

மாஸ்டர் அப்போது ஒன்றைச் செய்திருக்கலாம். 'பி ஃபிளாட்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், முதலிலிருந்து தொடங்கியிருப்பார்கள். கீத ஆராதனையில் பாட்டு நின்று தொடங்குவது எங்கும் நடப்பது. ஆனால் அதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னால், தாளில் இருந்த மற்றது எதற்கு என்று கேள்வி வரும். அவர் முன்வரிசை விருந்தினரைப் பார்த்தார். மைக்கை எடுத்தார். "சிஸ்டருக்கு இன்னைக்குச் சுருதி கொஞ்சம் வெலகிப்போச்சுங்க. ரொம்ப நாள் கழிச்சுப் பாடறாங்க. எல்லாரும் ஜெபத்துல நெனச்சுக்குங்க" என்றார். சபை தலை குனிந்தது. ஒருமனதாக அத்தைக்காக ஜெபித்தது. அத்தை கையைக் கட்டிக்கொண்டு அந்த ஜெபம் முடியும்வரை அங்கேயே நின்றார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த சிரிப்பு அந்த நிமிடத்தோடு போயிற்று. மிச்சமானது அருவருப்பு மட்டும்.

அத்தை சொன்னபடியே விட்டுவிட்டார். ஆராதனைக்கு வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், எல்லோரும் பாடும்போது புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பார், வாய் அசையாது. அன்பானவர்கள் வருடக்கணக்காக, "இப்பத் தொண்டை தேவலைங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மாஸ்டரிடம் போய் நேராகவே கேட்டேன். அவர் அந்தத் தாளை விரித்துக் காட்டினார். "நல்லாப் பாரு கண்ணு. மேல இருக்கறதும் சரி. கீழ இருக்கறதும் சரி. தாள்ல ஏதாச்சும் தப்பு இருக்குதா?" இல்லை. அந்த மனிதர் வாழ்க்கையில் எழுதிய எதிலும் தப்பு இருந்ததில்லை. கமிட்டிப் பெரியவர்களிடம் சொன்னேன். மாஸ்டர் மனம் நோகும், விடு என்றார்கள். அத்தையின் மனதுக்கு அந்தக் கமிட்டியில் உறுப்பினர் யாரும் இல்லை போலிருக்கிறது.

போன மாதம் மாஸ்டருக்குப் பிரிவு உபசாரம். பெங்களூரில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப் போகிறார். அதற்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டையில் அன்றைக்கும் சுருக்கமில்லை. கையில் அதே பாட்டு, புதிதாக அடித்த தாள். இப்போது கார்ட் மூன்று வரிசை ஆகியிருந்தது. இணையத்தில் பார்த்து ஜாஸ் கார்ட் சேர்த்திருக்கிறாராம். தன்னுடைய கடைசி ஆராதனையில் அத்தை அதைப் பாட வேண்டும் என்று கேட்டார். அத்தை அவரை உட்காரச் சொல்லி, மின்விசிறியைப் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்தார்.

"பாடறனுங்க மாஸ்டர். அன்னைக்கு மைக்குல ஒண்ணு சொன்னீங்கல்ல? அதே மைக்குல, சுருதி வெலகுனது என்னோடது இல்லீன்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. நான் பாடறன்."

மாஸ்டர் தாளை மடித்தார், விரித்தார். "அதுக்கென்னுங்க சிஸ்டர், சொல்லீர்லாம். மைக்குலன்னா ஒரு மாதிரி இருக்குமுங்க. நான் போதகர்கிட்டத் தனியாச் சொல்லீர்றனே? இல்லீனா வாட்ஸப் குரூப்புல போட்டர்றனுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். சத்தியமாக எனக்குக் கோபம் வரவில்லை. மன்னிப்புக்கும் ஏ, பி என்று துண்டு வெட்டிக்கொண்டு வந்திருக்கும் ஒருவரிடம் எப்படிக் கோபப்படுவது? அத்தை எழுந்தார். "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார். டீயா காப்பியா என்று அவரைக் கேட்கவில்லை.

பாடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதனால் மாஸ்டர் நிகழ்ச்சி நிரலில் 'தனிப்பாடல் / கீபோர்டு இசை' என்று நடுவில் ஒரு கோடு போட்டு அச்சடித்துவிட்டார். அந்த இடம் வந்ததும் போதகர் அதை வாசித்துவிட்டு, எது என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தார். காங்கேயத்துக்காரர் இல்லை, இப்போது வாசிக்கும் பையன் கீபோர்டில் கையை வைத்தான். கடைசி வரிசையிலிருந்து அத்தை எழுந்தார். நடந்து போய் மைக்கைப் பிடித்தார். அந்தப் பையனைப் பார்த்து வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பாடறதுக்கு மின்னாடி மாஸ்டரை ஜெபத்துல நெனச்சுக்கலாமுங்க" என்றார், அதே பழைய மரியாதையோடு. "ஏதாச்சும் ஒண்ணே ஒண்ணைச் சொல்லி, அதுல நிக்கிற பெலனை ஆண்டவர் அவருக்குக் குடுக்கோணும்."

சபை பழக்கப்பட்ட சபை. தலை குனிந்தது. முடிவில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மாஸ்டரும் சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே. விஷயம் புரிந்து சொன்னாரா, புரியாமல் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் அவரிடம் இடம் உண்டு. முன்வரிசையில் ஓரிருவர் மட்டும் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்கள். பிறகு அத்தை பாடினார். வாத்தியம் எதுவும் இல்லாமல், யாரும் சுருதி எடுத்துக் கொடுக்காமல், முழுப் பாட்டையும். நான் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். படம் ஆடியது, குரல் ஆடவில்லை.

ஆராதனை முடிந்து, மாலையும் கழுத்துமாக மாஸ்டர் என்னிடம் வந்தார். "நல்லா இருந்துது கண்ணு. சிஸ்டர் எந்த வரிசைல பாடினாங்கன்னு கவனிச்சயா? ஃபைல்ல குறிச்சு வெச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுக்குப் பிறகும் அவருக்குக் கேட்கத் தோன்றியது அது. தெரியவில்லைங்க என்றேன்.

வீட்டுக்கு வந்து போனில் இருந்த குரலை ஓடவிட்டு, என் சின்னக் கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தேன். பி ஃபிளாட். அத்தை இத்தனை வருடமும் அதை அப்படியே வைத்திருந்தார். இழுப்பறையிலிருந்து பழைய தாளை எடுத்து விரித்து வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டின் ஃபைலைத் திறந்து, ஜி என்ற மேல் வரிசை முழுவதையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் விசையைத் தட்டினேன். தட்டியதும் போய்விட்டது. மாஸ்டருக்குச் சொல்லவில்லை.